நங்கூரம் போட்டு நிற்கும் நாள்கள்: லங்காவி முதல் பூக்கெட் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு பினாங்கில். வருடத்தில் நாலைந்து மாதம் நானும் கணவரும் 34 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றில் மலேசியாவின் லங்காவிக்கும் தாய்லாந்தின் பூக்கெட்டுக்கும் நடுவே உள்ள தீவுகளைச் சுற்றுகிறோம். சுற்றுகிறோம் என்பது பேச்சுக்குத்தான். ஐந்து நாளில் நாலு நாள் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருப்போம். கல்யாண வீடு, கோயில், பழைய அலுவலக நண்பர்கள் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள். அத்தை கேட்டதைத்தான் அத்தை மகனும் கேட்கிறான். அதனால் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே எழுதிப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நாள் முழுக்கப் படகை நிறுத்தி வச்சுட்டு என்னதான் செய்வீங்க?

காலையில் எழுந்ததும் தண்ணீரில் குதிப்பேன். பசியாறிவிட்டு நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருவர் படகின் அடிப்பக்கம் போவோம். வெதுவெதுப்பான கடலில் ரெண்டு வாரம் நின்றால் போதும், இன்ஜின் சுழற்றும் காற்றாடி இறகில் சிப்பி முளைத்துவிடும். பழைய தோசைக் கரண்டியால் அதைச் சுரண்டுவது அரை மணி வேலை. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். மேல்தளத்தில் கூடாரத் துணியைக் கட்டி அதன் கீழே வாசிப்பு, தூக்கம், ஏதாவது ஒரு ரிப்பேர். நாலு மணிக்குக் கரை. ஆறரைக்கு மேற்கே பார்த்து ஒரு டீ.

எழுதினால் நாலு வரிதான். ஆனால் நடுநடுவே காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பக்கத்துப் படகு கிட்டே வந்திருக்கிறதா, தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று கண் போய்க்கொண்டே இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பது மாதிரி.

இந்தத் தீவெல்லாம் எங்கே இருக்கு? எவ்வளவு தூரம்?

மலாக்கா நீரிணையின் வடமேற்கு வாயில் லங்காவி. 99 தீவுகள் என்பது வழக்குக் கணக்கு. அங்கிருந்து பூக்கெட் நேர்க்கோட்டில் சுமார் 120 கடல்மைல். எங்கள் படகு மணிக்கு 5 கடல்மைல் போகும் என்று வைத்தால் ஒரு பகல் ஒரு இரவில் முடிந்துவிடும். நாங்கள் அதற்கு ஆறு வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

லங்காவியிலிருந்து தாய்லாந்தின் லீப்பே தீவுக்கு 25 கடல்மைலுக்குள்தான், காலையில் கிளம்பினால் மாலைக்குள் சேரலாம். அப்புறம் ரோக், மூக், லந்தா, பீபீ தீவுகள், கடைசியில் பாங்-ங்கா வளைகுடா. லீப்பேக்குக் கொஞ்சம் கிழக்கே தருத்தாவ் என்ற பெரிய தீவு. 1930களின் இறுதியில் சிறைத்தீவாக ஆக்கப்பட்டது, 1974 முதல் தேசியப் பூங்கா. கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு அதுதான்.

எந்த மாசம் போகலாம்?

நவம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் வரை. அப்போது வடகிழக்குப் பருவக்காற்று. தமிழ்நாட்டுக்கு மழை கொண்டுவரும் அதே காற்று, இங்கே மலாய்த் தீபகற்பத்தைத் தாண்டி வருவதால் மேற்குக் கரைக்கு ஈரம் குறைந்து வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும். காற்று கிழக்கிலிருந்து வருவதால் தீவுகளின் மேற்குப் பக்கம் மறைவு கிடைக்கும், தினமும் சூரியன் மறைவதும் கண்முன்னே கிடைக்கும்.

மே முதல் அக்டோபர் வரை காற்றும் அலையும் தென்மேற்கிலிருந்து வரும். மேற்குப் பக்கக் குடாக்கள் எல்லாம் திறந்த வீடு மாதிரி ஆகிவிடும். ரோக் போன்ற பூங்காத் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியும் வைப்பார்கள். அந்த மாதங்களில் ‘சுமத்ரா’ என்று ஒன்று வரும். விடியலுக்கு முன்னால் மேற்கே கறுப்பாக ஒரு சுவர் எழும்பும், அரை மணிக்குள் 40 நாட் (மணிக்கு 40 கடல்மைல்) காற்று, இடி, மழை. ஏப்ரல் கடைசியிலேயே ஒன்றைப் பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு ஏப்ரல் நடுவில் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

அந்த ஒரு இரும்பை நம்பியா ராத்திரி தூங்குறீங்க?

இரும்பை மட்டும் நம்பினால் தூக்கம் வராது. எங்கள் நங்கூரம் 20 கிலோ, படகு 6 டன். எடையை வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கலப்பைக் கொழு மாதிரி மண்ணில் இறங்குவதுதான் அதன் வேலை. மேலே தூக்காமல், தரையோடு தரையாகப் பக்கவாட்டில் இழுத்தால்தான் அது இறங்கும். அதற்காகத்தான் நீளச் சங்கிலி.

போடும்போது படகை முழுக்க நிறுத்தி, நங்கூரம் தரையைத் தொட்டதும் மெல்லப் பின்னால் போய்க்கொண்டே சங்கிலியை விடுவோம். கடைசியில் இன்ஜினைப் பின்கியரில் போட்டு இழுத்துப் பார்ப்பது. அந்த நேரத்தில் நான் முகப்பில் குந்தி உட்கார்ந்து சங்கிலி மேல் உள்ளங்காலை வைத்துக்கொள்வேன். நன்றாக இறங்கியிருந்தால் சங்கிலி இறுகி அசையாமல் நிற்கும். இழுபட்டால் சரளைக்கல் ரோட்டில் சைக்கிள் போகிற மாதிரி கடகடவென்று காலில் தெரியும். எந்தக் கருவியும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது. தண்ணீர் தெளிவாக இருந்தால் நீந்திப் போய்க் கண்ணாலும் பார்த்துவிடுவோம்.

எவ்வளவு சங்கிலி விடணும்னு கணக்கு உண்டா?

உண்டு. ஆழத்தோடு, தண்ணீர் மட்டத்துக்கு மேல் முகப்பு இருக்கும் உயரத்தையும் கூட்டி, அதைப் போல் ஐந்து மடங்கு. காற்று வலுக்கும் போலிருந்தால் ஏழு மடங்கு. புதிதாக வருபவர்கள் சறுக்குவது ஏற்ற வற்றத்தில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் ஏறத்தாழ 3 மீட்டர் ஏறி இறங்கும், அதுவும் நாளுக்கு இரண்டு முறை. சாயங்காலம் வற்றிய நேரத்தில் 4 மீட்டர் ஆழம் பார்த்துப் போட்டால் இரவில் அது 7 மீட்டர். முகப்பு உயரம் 1 மீட்டர் சேர்த்து 8. ஐந்து மடங்கு 40 மீட்டர். சாயங்கால ஆழத்தை மட்டும் பார்த்து 25 மீட்டர் விட்டவர் நடுராத்திரி நகர ஆரம்பிப்பார்.

சங்கிலி மட்டும் போதாது. ஒவ்வொரு குலுக்கலும் நேராகப் படகில் இடிக்கும். அதனால் நீளமான நைலான் கயிறு ஒன்றைச் சங்கிலியில் கொக்கி மாட்டி, பாரத்தைக் கயிற்றுக்கு மாற்றிவிடுவோம். நைலான் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். சங்கிலி கரகரவென்று தேயும் சத்தமும் படுக்கைவரை வராது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க? தினம் மீனா?

தினமும் மீன் சாப்பிட நாங்கள் அவ்வளவு நல்ல மீன்பிடிகாரர்கள் இல்லை. தூண்டிலில் சிக்குவதைவிட, நீண்ட தண்டில் இன்ஜின் மாட்டிய தாய்லாந்துப் படகுக்காரர்களிடம் வாங்குவதுதான் அதிகம். கணவாயைக் காட்டி விரலை நீட்டினால் வியாபாரம் முடிந்தது.

கிளம்பும்போதே பினாங்கு லிட்டில் இந்தியாவில் அரிசி, உளுந்து, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் ஏற்றிவிடுவோம். முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம், உருளை, எலுமிச்சை இவை மூன்று வாரம்வரை வெளியில் தாங்கும். கீரையும் தக்காளியும் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். வடகம், அப்பளம் ஈரக்காற்றில் நமுத்துப் போகும். காற்றுப் புகாத டப்பா இல்லாமல் எடுத்துவராதீர்கள். இட்லி மாவு பற்றி ஒரு எச்சரிக்கை: படகின் உள்ளே 32 டிகிரி. சாயங்காலம் கரைத்து வைத்தால் நடுராத்திரியே பொங்கிச் சமையல் மேடையில் வழியும். ஆறு மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்தில் பாதி மட்டும் ஊற்றுங்கள்.

தண்ணிக்கு? குளிக்கவாவது முடியுமா?

தொட்டியில் 300 லிட்டர். ரெண்டு பேருக்கு நாளுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 20 நாள். அதற்குப் பழகிக்கொள்ளலாம். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். குளிப்பதும் அப்படித்தான். கடலில் குதித்து, ஏணியில் உட்கார்ந்து தேய்த்து, திரும்பக் குதித்து, மேலே வந்து இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வது. சோப்புக் கட்டி உப்புத் தண்ணீரில் நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். மழை வந்தால் கூடாரத் துணியின் நடுவைத் தாழ்த்தி, குழாய் வழியாகத் தொட்டிக்கு விடுவோம். முதல் பத்து நிமிட மழையில் பறவை எச்சமும் உப்பும் வரும், அதைக் கீழே விட்டுவிடுங்கள்.

கேட்கக் கூடாதுதான்... கக்கூஸ்?

அத்தை, எல்லாருமே இதைத்தான் கடைசியில் காதில் வந்து கேட்கிறார்கள். உள்ளேயே சின்ன அறை, கைப்பம்பு வைத்த கோப்பை. கழிவு ஒரு தொட்டியில் சேரும். குடாவில் நிற்கும்போது அதைத் திறக்க மாட்டோம், கரையைவிட்டு நன்றாக வெளியே போன பிறகுதான். பக்கத்தில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருக்கும்போது தொட்டியைத் திறக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் டீ குடிப்பதில்லை.

கரண்டு எங்கிருந்து வருது?

சூரியத் தகடு. நின்ற இடத்தில் மின்சாரத்தை அதிகம் தின்பது குளிர்பெட்டிதான், விளக்கும் போனும் ஒன்றுமில்லை. மூன்று நாள் மூட்டமாக இருந்தால் இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டுவோம். இரவில் நன்றாகக் கண்ணில் படும் இடத்தில் நாலாபக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு கட்டாயம், பகலில் முகப்பில் கறுப்புப் பந்து. சர்வதேசக் கடல்விதி அது. பந்தைத் தொங்கவிடும் ஆட்களை இங்கே அரிதாகத்தான் பார்க்கலாம், ஆனாலும் தொங்கவிடுங்கள்.

ராத்திரி படகுக்கு அடியில படபடன்னு வெடிக்கிற சத்தம் கேட்டுச்சே, விரிசலா?

எங்களோடு ஒரு வாரம் தங்கிய தம்பி மனைவி இப்படித்தான் ரெண்டு மணிக்கு எழுப்பினாள். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி, இடைவிடாமல். நானும் முதல் வருடம் டார்ச் எடுத்துக்கொண்டு படகின் அடித்தளத்தையே புரட்டியிருக்கிறேன்.

அது இறால். சுடும் இறால் என்று சொல்லலாம், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அதைப் படாரென்று மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடையும். அந்தச் சத்தம்தான். ஆயிரக்கணக்கில் பாறையிலும் பவளத்திலும் உட்கார்ந்து அடித்தால் படகின் உடம்பு மத்தளம் மாதிரி வாங்கி உள்ளே அனுப்பும். இரண்டாவது இரவிலிருந்து காது பழகிவிடும்.

கரைக்கு எப்படிப் போவீங்க?

பின்னால் டிங்கி என்ற ரப்பர்க் குட்டிப் படகு, அதில் சின்ன இன்ஜின். இதில் நாங்கள் பட்ட அவமானம் ஒன்று. கோ யாவ் நோய் தீவில் கடல் ஏறியிருந்த நேரம் டிங்கியை மணலில் இழுத்துவிட்டு, ஊருக்குள் சோறு சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் கடலைக் காணோம். டிங்கிக்கும் தண்ணீருக்கும் நடுவே அறுபது எழுபது அடி சேறு. முழங்கால்வரை புதைந்து இழுக்க, ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. கரையில் ஒரு பாட்டி மூன்று பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்து வேடிக்கை காட்டினார். சங்கிலிக் கேள்வியில் சொன்ன அந்த 3 மீட்டர் ஞாபகம் இருக்கட்டும். இரவில் டிங்கியைத் தண்ணீரில் விட்டுவைக்காமல் கயிற்றில் தூக்கிக் கட்டிவிடுங்கள். களவும் போகாது, பாசியும் பிடிக்காது.

அந்தக் குகைக்குள்ள நீந்திப் போற இடம் எது?

மூக் தீவில் இருக்கிறது, தாய் மொழியில் தாம் மொரகோட், மரகதக் குகை. ஏறத்தாழ 80 மீட்டர் நீளம், நடுவில் கும்மிருட்டு. தலைவிளக்கோடு நீந்திப் போனால் மறுமுனையில் நாலாபுறமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மேலே வட்டமாக வானம், நடுவே சின்ன மணல் கரை. பாங்-ங்காவிலும் இப்படி நிறைய உண்டு, ‘ஹோங்’ என்பார்கள், அறை என்று பொருள். குகையின் கூரை இடிந்து விழுந்து உண்டான அறைகள் அவை.

கடல் வற்றிய நேரத்தை ஒட்டித்தான் போகவேண்டும். ஏறினால் வாசல் மூடிக்கொள்ளும். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி பின்னால். நாங்கள் கைக்கடிகாரத்தை மாற்றாமல், தாய்லாந்து அட்டவணையைப் பார்த்து ஒரு மணி முன்னதாகவே போய் நின்றோம். வாசலில் டிங்கியைப் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து வெளியே ஓடும் நீரை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். காலை ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாப் படகுகள் வரும், அதற்குமுன் முடித்துவிட்டால் அந்தக் கரை முழுக்க உங்களுக்கே.

எங்க வேணும்னாலும் நங்கூரம் போடலாமா?

பவளத்தின் மேல் கூடவே கூடாது. சங்கிலி ஒரு இரவு அரைவட்டம் அடித்தால் பல வருட வளர்ச்சி மாவாகிவிடும். பூங்காத் தீவுகளில் மிதவைகள் கட்டியிருப்பார்கள், அதில் கட்டிக்கொள்ளலாம். கட்டும் முன் மிதவையின் கயிற்றைக் குதித்துப் பாருங்கள், சிலது நைந்திருக்கும். பீபீ லே தீவின் மாயா குடாவை 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போதும் படகு அந்தக் குடாவுக்குள் போக முடியாது, தீவின் மறுபக்கம் இறங்கி நடந்து வரவேண்டும். பவளத்தைக் கெடுக்கும் வேதிப்பொருள்கள் உள்ள சூரியக் களிம்புக்கும் 2021 முதல் தாய்லாந்துப் பூங்காக்களில் தடை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பே தேவைப்படாது.

நின்ன படகுல வாந்தி வருமாமே?

வரும். ஓடும்போது வராதவருக்கும் நிற்கும்போது வரும். படகு காற்றைப் பார்த்து நிற்கும், தூரத்து அலை வேறு பக்கத்திலிருந்து வந்து விலாவில் தட்டும். தொட்டில் ஆட்டம்தான், குழந்தை நீங்கள். இட்லிப் பானை மூடி விடியவிடிய தாளம் போடும்.

ஒரு வழி உண்டு. சங்கிலியில் ஒரு கயிற்றைக் கட்டி அதைப் படகின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய் இழுத்தால் படகு கோணலாகத் திரும்பும், முகப்பு அலையைப் பார்க்கும். ஆட்டம் பாதியாகக் குறையும். அதுவும் முடியவில்லையா, அடுத்த குடாவுக்குப் போய்விடுங்கள். சகித்துக்கொண்டு கிடப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

சுறா இருக்குமே, பயமா இல்லையா?

ரோக் பக்கம் கறுப்பு நுனித் துடுப்பு கொண்ட சின்னச் சுறாக்கள் உண்டு, நம்மைப் பார்த்தால் அவைதான் ஓடும். நான் பயப்படுவது பெட்டிச் சொறி என்ற ஜெல்லிமீனுக்கு. கண்ணாடி மாதிரி, தண்ணீரில் தெரியவே தெரியாது. இந்தக் கடலில் ஆள் செத்ததும் உண்டு. தாய்லாந்துக் கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் மாட்டியிருப்பது அதற்காகத்தான். பட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரைத் தாராளமாக ஊற்றி உடனே மருத்துவ உதவி தேடவேண்டும். எங்கள் ஏணிக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பாட்டில் இருக்கும்.

பாஸ்போர்ட்டு எல்லாம் யார் பார்ப்பாங்க, நடுக்கடல்லயா?

நீங்கள்தான் தேடிப் போகவேண்டும். லங்காவியில் துறைமுக அலுவலகம், சுங்கம், குடிநுழைவு மூன்றிலும் வெளியேறும் முத்திரை. அந்தக் காகிதம் இல்லாமல் தாய்லாந்தில் உள்ளே விடமாட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் மஞ்சள் கொடி ஏற்றி, பதிவு முடிந்த பிறகு அதை இறக்கி அந்த நாட்டுக் கொடி. பூக்கெட்டில் சலோங் குடாவில் மூன்று அலுவலகமும் ஒரே இடத்தில். கைலியோடு போகாதீர்கள், கால்சட்டை சட்டையோடு போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

எல்லாம் நீங்க சரியா செஞ்சாலும், பக்கத்துப் படகு நகர்ந்து வந்து மேல இடிச்சா?

இதுதான் உண்மையான கேள்வி. ஆடாங் தீவுக்கும் லீப்பேக்கும் நடுவே ஒரு இரவு, ரெண்டு மணி, மழைக்காற்று. எங்களுக்குப் பிறகு சாயங்காலம் வந்து, எங்கள் முகப்புக்கு எதிரே நின்ற வாடகைப் படகு, அதில் பாட்டுச் சத்தம், சங்கிலி விட்ட சத்தமோ நாலே விநாடி. அப்போதே எனக்கு உறுத்தியது. போய்ச் சொல்லவில்லை, ஏதோ கூச்சம். இரவில் அது குறுக்கே திரும்பி எங்களை நோக்கி வந்தது.

செய்தது இவ்வளவுதான்: இன்ஜினை ஓட்டினோம், பக்கவாட்டில் மிதவை உருளைகளைத் தொங்கவிட்டோம், டார்ச்சை நேராக அவர்கள் அறை ஜன்னலில் அடித்து ஹார்ன் ஊதினோம். அப்புறம் எங்கள் சங்கிலியை இன்னும் 20 மீட்டர் விட்டோம். அதனால் நாங்கள் பின்வாங்கினோம், சுக்கானைத் திருப்பியதில் கொஞ்சம் பக்கவாட்டிலும் விலகினோம். அவர்கள் இரண்டு அடி இடைவெளியில் கடந்து போனார்கள். படகில் ஒரு கீறல்கூட இல்லை. முதலில் வந்து நின்றவருக்கே அந்த இடம், பிறகு வந்தவர்தான் விலகவேண்டும் என்பது கடலில் வழக்கம். ஆனால் ரெண்டு மணிக்கு வழக்கம் பேசி என்ன பயன். இப்போதெல்லாம் சங்கிலிச் சத்தம் சீக்கிரம் நின்றால் ஒரு தட்டு பஜ்ஜியோடு டிங்கியில் போய், “இங்கே ராத்திரி தண்ணீர் ஏறும், தெரியுமா?” என்று கேட்டுவிடுகிறேன். பஜ்ஜிக்கு யாரும் கோபப்பட்டதில்லை.

சுனாமி வந்தா என்ன செய்வீங்க?

நாகப்பட்டினத்தை அடித்த அதே 2004 டிசம்பர் 26 அலைதான் பீபீயையும் அடித்தது. கரையும் கரையோரப் படகுத்துறைகளும் சிதைந்தன, ஆழத்தில் இருந்த படகுகளுக்கு அது மெல்ல உயர்ந்து தாழும் அலை மாதிரிதான் கடந்துபோனது. நிலநடுக்கத்துக்கும் பூக்கெட்டில் அலை வந்ததற்கும் நடுவே ஏறத்தாழ 2 மணி நேரம். எச்சரிக்கை வந்தாலோ கடல் நேரங்கெட்டு வற்றினாலோ, படகில் இருப்பவர்கள் சங்கிலியை அவிழ்த்துவிட்டாவது ஆழத்துக்குப் போகவேண்டும். கரையில் இருப்பவர்கள் டிங்கியைத் தேடாமல் மேட்டில் ஏறவேண்டும். படகு போனால் போகட்டும்.

நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கமே இல்லையே?

மாமா, லங்காவி இருப்பது கெடா மாநிலத்தில். கெடாதான் கடாரம். 1025-ல் ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பிய ஊர். அதற்கும் வெகுநாள் முன்பே வியாபாரிகள் வந்துவிட்டார்கள். தாய்லாந்தின் கிராபி பக்கம் குளோங் தோம் என்ற ஊரில் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் கிடைத்தது, ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்-பிராமியில் பெயர் வெட்டியிருக்கிறது. அங்கே கோயில் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. லந்தாவில் படகை நிறுத்திவிட்டு ஒரு நாள் போய்வரலாம். மலாய்க்காரர்கள் இன்றும் சொல்லும் ‘கப்பால்’ நம் கப்பல்தான். அந்தப் பெரும்பதனும் காற்று மாறும்வரை ஏதாவது ஒரு குடாவில் நின்று சோறு பொங்கியிருப்பார்.

எப்போ கிளம்பணும்னு எப்படி முடிவு பண்றீங்க?

தண்ணீர்த் தொட்டி, வெங்காயக் கூடை, காற்று, இந்த மூன்றில் ஒன்று சொல்லும். பெரும்பாலும் வெங்காயம். விடிந்ததும் இன்ஜினை ஓட்டி, சங்கிலியை மேலே இழுக்க ஆரம்பிப்போம். கணவர் சுக்கானில், நான் முகப்பில் வாளியும் துடைப்பமுமாக. பாங்-ங்கா சேறு சாம்பல் நிறம், உளுந்து மாவு மாதிரி வழவழப்பு, ஒவ்வொரு கண்ணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். கழுவாமல் உள்ளே விட்டால் மூன்றாம் நாள் படுக்கைவரை நாறும். நாற்பது மீட்டரையும் கழுவி முடிக்கும்போது படகு குடாவைத் தாண்டியிருக்கும்.